இல்லாத பெயரும் எழுதாத பூச்சியமும்

வலைத்தளங்களின் வாயிலாகக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பதும், புகைவண்டிக்குச் சீட்டுப் பதிவு செய்வதும், மின்கட்டணம் செலுத்துவதும் இன்று நம் இல்லங்களில் அன்றாட அலுவல்கள் ஆகிவிட்டன. இவ்வலுவல்களுக்கிடையே எப்போதேனும் ஒருமுறை விந்தையானதொரு சொல் நம் கண்ணில் படுவதுண்டு. ஒப்புகைச் சீட்டிலே, பெயர் இருக்க வேண்டிய இடத்தில், 'அண்டிஃபைன்ட்' என்று அச்சாகியிருக்கும். 'மதிப்பிற்குரிய திருமதி அண்டிஃபைன்ட் அவர்களுக்கு' என்று மடல் தொடங்கும். வரையறுக்கப்படாதது என்பது அச்சொல்லின் பொருள். தந்தையார் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகத் தாங்கி, குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாமலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் நம்மவர்க்கு இந்தப் பட்டம் சற்று அதிகமாகவே வாய்த்துவிடுகின்றது. குடும்பப் பெயருக்கென ஒதுக்கிய கட்டத்தை நாம் வெறுமையாக விடுகின்றோம். அத்தளத்தின் நிரலோ அப்படியொரு பெயரைக் குறித்துக்கொள்ளாமலே கடந்துவிட்டு, பின்னர் மடல் எழுதும் வேளையில் அதைத் தேடுகின்றது. தேடிய பொருள் கிட்டவில்லை என்னும் செய்தியையே பெயராகக் கருதி அச்சிட்டு அனுப்பிவிடுகின்றது.

நகைத்துவிட்டு மடலை மடித்து வைத்துவிடுகின்றோம். நகைக்கத் தக்கதுதான். ஆயினும், இச்சொல் எழுத்தில் தோன்றும்போது விளையும் தீங்கு சிறிது. தோன்றாமல் மறையும்போது விளையும் தீங்கு பெரிது. இதனை நம் உறவுக்குள்ளேயே ஒருமுறை நேரிற் கண்டோம். அதைச் சொல்லுமுன், நிரல் எழுதும் கலையில் பயிலாத அன்பர்களுக்காகச் சில அடிப்படைகளைக் கூறிவிடுதல் நலம். நிரலெழுதுவதே நமக்குப் பிழைப்பு ஆதலின், தொழிற்பேச்சு சற்று மிகுந்தால் வாசகர்கள் பொறுத்தருள்க.

நிரல் என்பது கணினிக்கு நாம் எழுதித் தரும் ஏவல்களின் கோவை. கணினி தன் நினைவகத்தில் ஒரு மதிப்பை இருத்தி வைத்து, வேண்டும்போது எடுத்தாளும் பொருட்டு, அம்மதிப்பு இருக்கும் இடத்துக்கு நிரலர் ஒரு பெயர் சூட்டுகின்றார். அவ்வாறு பெயர் பெற்ற இடத்தை 'மாறி' என்பர். உள்ளிருக்கும் மதிப்பு மாறலாம், பெயர் மாறாது. (இத்துறையைத் தமிழில் தயக்கமின்றிப் பேச முடிகின்றதென்றால், அறிவியல் தமிழுக்கெனவே வாழ்ந்து, கணினிக் கலைச்சொற்களுக்கும் அகராதி தொகுத்தளித்து, 2017 இல் மறைந்த மணவை முஸ்தபா அவர்கள் போன்றோரின் உழைப்பே அதற்குக் காரணம் என்பதை இவ்விடத்தில் நன்றியுடன் நினைக்கின்றோம்.)

பலசரக்குக் கடையின் பேரேட்டை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். வாடிக்கைக்காரர் ஒவ்வொருவர் பெயருக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. பற்றும் வரவும் அப்பக்கத்தில் ஏறும். கடை முதலாளி கணக்குப்பிள்ளையை அழைத்து, "இன்னாருடைய பாக்கி எவ்வளவு?" என்று வினவுகின்றார் எனக் கொள்வோம். அப்பெயரில் பேரேட்டில் பக்கமே இல்லை. கணக்குப்பிள்ளை, "அப்படியொரு பெயர் பேரேட்டில் இல்லை, முதலாளி" என்று சொல்லலாம். "பாக்கி ஒன்றுமில்லை, முதலாளி" என்றும் சொல்லலாம். காதுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே ஒலிக்கும். ஆனால் முன்னதைக் கேட்ட முதலாளி, "நன்றாகத் தேடிப்பார், வேறு எழுத்தில் எழுதியிருக்கப் போகின்றாய்" என்பார். பின்னதைக் கேட்டவர் பேசாமல் கல்லாவை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். பெயர் இல்லை என்பது வேறு. தொகை இல்லை என்பது வேறு. வரையறுக்கப்படாத மாறியால் வரும் தொல்லை முழுவதும் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதிலிருந்தே பிறக்கின்றது.

தெரியாத அளவுக்கு ஒரு பெயரிட்டு, அதனைக் கணக்கில் நடத்திச் செல்லும் உத்தி புதியதன்று. ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாக்தாதில் வாழ்ந்த முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மீ அவர்கள், 'அல்ஜப்ரு வல்முகாபலா' என்னும் கணித முறை பற்றி எழுதிய நூலிலே, தெரியாத அளவை 'ஷைஉ', அதாவது 'ஒரு பொருள்' என்று குறித்தார்கள். அந்நூலின் பெயரிலிருந்து அல்ஜீப்ரா என்னும் சொல்லும், அவர்களின் பெயரிலிருந்து அல்காரிதம் என்னும் சொல்லும் தோன்றின. 'ஷைஉ' என்பதையே இத்தாலியர் 'கோசா' என்று தம் மொழியில் பெயர்த்துக் கொண்டனர். பின்னர்ப் பிரெஞ்சு அறிஞர் தெகார்த்து 1637 இல் வெளியிட்ட நூலில், தெரியாத அளவுகளுக்கு இலத்தீன் நெடுங்கணக்கின் இறுதி எழுத்துகளைக் கையாண்டார். அவ்வழக்கே இன்றளவும் பள்ளிகளில் நிலைத்திருக்கின்றது. 'ஷைஉ' என்பதன் முதலெழுத்தே ஸ்பெயின் வழியாக 'எக்ஸ்' ஆயிற்று என்று நம்மவர் மேடைகளில் பெருமிதத்துடன் கூறக் கேட்டிருக்கின்றோம். கேட்க இனிமையாகத்தான் இருக்கின்றது; ஆனால் அதற்குத் தக்க சான்று இல்லை. சான்றுள்ள பெருமைகளே நமக்கு நிரம்ப உள்ளன.

அல்குவாரிஸ்மீ அவர்களின் நூலில் ஏறத்தாழப் பாதி, மரண சாசனமும் வாரிசுரிமைப் பங்கீடும் பற்றிய கணக்குகளே என்பதைப் பலர் அறியார். நம் பொருளுக்கு அது மிகவும் நெருங்கியது. பங்கீட்டுக் கணக்கிலே, தெரியாத பங்கு என்பது இருந்தே தீர வேண்டிய ஒரு பொருள். இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை, அவ்வளவே. ஆனால் ஒரு வாரிசின் பெயரே பட்டியலில் விடுபட்டுப் போனால் என்ன நிகழும்? கணக்கு நின்றுவிடுவதில்லை. எஞ்சியோருக்குப் பங்குகள் அழகாகப் பிரியும். கூட்டினால் முழுத்தொகையும் சரியாக வரும். தாளில் ஒரு பிழையும் தென்படாது. பெண்மக்களில் ஒருத்தி விடுபட்டிருப்பாள். வரையறுக்கப்படாத மாறி இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அல்ஜீப்ராவின் 'ஷைஉ' நாம் தேடிச் செல்லும் பொருள். இதுவோ, இல்லாத ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து, அவர் வாய் திறவாதிருப்பதை விடையென்று எழுதிக்கொள்வது.

இல்லாத பெயரை நிரலர் ஏன் அழைக்கின்றார்? பெரும்பாலும் எழுத்துப் பிழையால்தான். நம் வீட்டுப் பெட்டியைத் திறந்து பத்திரங்களை விரித்துப் பார்த்தால், ஒரே மனிதர் குடும்ப அட்டையில் முகமது என்றும், பாஸ்போர்ட்டில் முஹம்மது என்றும், வங்கிப் புத்தகத்தில் மொகமது என்றும் இருக்கக் காணலாம். ஆங்கிலத்தில் எழுதப் புகுந்தாலோ ஊருக்கு ஓர் எழுத்துக்கூட்டல். இவர் ஒருவரே என்பது தெருவுக்கே தெரியும். அலுவலகத்து எழுத்தர்கூடச் சற்று முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொள்வார். கணினி ஒப்புக்கொள்ளாது. ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் அதற்கு அவர் வேறொரு மனிதர். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இடம் மாறினாலும், வலைத்தளங்களில் பெருவழக்காய் உள்ள பி.எச்.பி., ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மொழிகளில், அது வேறு பெயரே.

எழுத்துப் பிழையன்றி வேறு வாயில்களும் உண்டு. நிரலின் உட்பகுதிகள் வீட்டின் அறைகள் போன்றவை. முற்றத்தில் வைத்த பொருள் உள்ளறையில் இருப்பவர் கைக்கு எட்டாது என்பது பி.எச்.பி. மொழியின் விதி, அதனை மறந்த புதியவர், மேலே மதிப்பிட்ட மாறியை உள்ளே பயன்படுத்திவிட்டு, "எழுதித்தானே இருக்கின்றேன், ஏன் இல்லை என்கின்றது?" என்று தலையில் கைவைத்து அமர்ந்துவிடுவார். விண்ணப்பத்தில் டிக் அடிக்கும் சிறு கட்டம் இருக்கின்றதே, அதனை நாம் அடிக்காமல் விட்டால், 'அடிக்கப்படவில்லை' என்னும் செய்தியைப் பிரௌசர் சர்வருக்கு அனுப்புவதில்லை, ஒன்றுமே அனுப்புவதில்லை. அங்கே காத்திருக்கும் நிரல், வராத விருந்தாளிக்கு இலை போட்டதுபோல, இல்லாத மதிப்பைத் தேடிக்கொண்டிருக்கும்.

இத்தகைய அழைப்புக்குக் கணினி மொழிகள் நடந்துகொள்ளும் முறை ஒரே தன்மையதன்று. பைத்தான் என்னும் மொழி கண்டிப்பான ஆசிரியரைப் போன்றது. அறியாத பெயரைக் கண்டதும், 'இப்பெயர் வரையறுக்கப்படவில்லை' என்று அறிவித்துவிட்டு, அதற்கு மேல் ஓரடியும் வைக்காது. ஜாவாஸ்கிரிப்ட் இரு மனம் கொண்டது. அறியாத மாறியின் மதிப்பைப் படிக்கச் சொன்னால் நின்றுவிடும். அதிலே மதிப்பை எழுதச் சொன்னால், பழைய வழக்கப்படி, கேள்வி கேளாமல் அப்பெயரில் எல்லார்க்கும் பொதுவாக ஒரு மாறியைப் புதிதாய் ஆக்கிக்கொள்ளும். ஒரு தொகுப்பினுள் இல்லாத உறுப்பைக் கேட்டாலோ, நாம் முதலிற் கண்ட 'அண்டிஃபைன்ட்' என்னும் மதிப்பைக் கையில் தந்துவிட்டு மேலே நடக்கும். அதனை எழுத்துடன் சேர்த்தால் மடலில் அச்சாகும். எண்ணுடன் கூட்டினால் 'எண் அன்று' எனப் பொருள்படும் குறியொன்று கட்டணக் கட்டத்தில் வந்து நிற்கும். 1995 இல் பிரெண்டன் ஐக் என்பார் பத்தே நாட்களில் உருவாக்கிய மொழி அது. பத்து நாள் அவசரத்தின் வடுக்கள் முப்பதாண்டு கடந்தும் ஆறவில்லை.

பி.எச்.பி.யின் வரலாறும் அறியத்தக்கது. ராஸ்முஸ் லெர்டார்ஃப் என்பவர் 1994 இல் தம் சொந்த வலைப்பக்கத்தைப் பேணும்பொருட்டுச் செய்துகொண்ட சிறு கருவிகளே அதன் தொடக்கம். 1995 இல் பிறருக்கும் அளித்தார். தோட்டத்துக் கீரைப் பாத்திக்குக் கட்டிய வேலியை நம்பி ஊரே குடியேறியது போல, உலகின் வலைத்தளங்களில் பெரும்பகுதி பின்னாளில் அதன்மேல் எழுந்தது. பக்கம் முற்றாக நின்றுபோவதைவிட ஏதோ ஒன்று தெரிந்தால் போதும் என்பதே அதன் பழைய இயல்பு. ஆதலின், அறியாத பெயரைக் கண்டால் மெல்லிய குரலில் ஒரு குறிப்பைச் சொல்லிவிட்டு, அவ்விடத்தில் வெறுமையை வைத்து, கூட்டலில் அதைப் பூச்சியமாகக் கொண்டு, வேலையைத் தொடர்ந்து முடித்துவிடும். எவரும் எழுதாத அந்தப் பூச்சியத்தைப் பற்றியே இனிச் சொல்லப் போகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. கல்வி உதவித்தொகை வழங்கும் ஓர் அறக்கட்டளை (நற்பணி பல செய்துவரும் அமைப்பு, பெயர் வேண்டா) பிளஸ் டூ தேறிய எளிய குடும்பத்து மாணவ மாணவியரிடமிருந்து அவ்வாண்டு முதன்முறையாக வலைத்தளத்தின் வழியே விண்ணப்பங்களைப் பெற்றது. பாடவாரியாக மதிப்பெண்களை மாணவர்கள் நிரப்ப வேண்டும். அறுநூற்றுக்கு எவ்வளவு என்று கூட்டுவதும், வரிசைப்படுத்துவதும் கணினியின் வேலை. நமக்குத் தங்கை முறையாகும் ஒருத்தியின் மகள் 541 மதிப்பெண் பெற்றிருந்தாள். தந்தை கூலிக்குத் தைப்பவர். பொறியியல் கல்லூரியில் இடமும் கிடைத்திருந்தது. முதற் பருவக் கட்டணத்துக்கு இந்த உதவித்தொகையைத்தான் நம்பியிருந்தார்கள். பட்டியல் வெளியாயிற்று. அதில் அவள் பெயர் இல்லை. காத்திருப்போர் வரிசையின் அடியில் இருந்தது; எதிரே 449 என்று கண்டிருந்தது.

அறக்கட்டளை அலுவலகத்துக்குத் தாயும் மகளும் சென்று கேட்டார்கள். "கம்ப்யூட்டர் போட்ட லிஸ்ட்டும்மா. ஆள் பார்த்துச் செய்யறதுக்கு இதிலே இடமே இல்லை" என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பினார்கள். கடந்த காலத்தில் ஆள் பார்த்துச் செய்ததாக எழுந்த முணுமுணுப்புகளை ஒழிக்கவே கணினியைக் கொணர்ந்திருந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அன்று மாலை தங்கை நம்மிடம் வந்தாள். "காக்கா, இவ சொல்றதை நீங்களாவது கேளுங்க" என்று மகளை முன்னே தள்ளினாள். அவள் மதிப்பெண் தாளை நீட்டி, "மாமா, கம்ப்யூட்டர் கூட்டல் தப்பாப் போடுமா?" என்று கேட்டாள்.

போடாது. கொடுத்ததைக் கூட்டும். 541 இலிருந்து 449 ஐக் கழித்தால் 92. தாளைப் பார்த்தோம், வேதியியலில் அவள் பெற்றது 92.

மறுநாள் அறக்கட்டளையின் செயலாளரைப் போய்ப் பார்த்தோம். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற முதியவர். ஊரில் அனைவர்க்கும் அவர் ஹாஜியார். முழுப் பட்டியலையும் நம் முன் வைத்தார். மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்தபோது உடல் சிலிர்த்தது. தேர்வு பெற்ற அனைவரும் வணிகவியல் பிரிவினர். அறிவியல் பிரிவினர் ஒருவர் விடாமல் அடியில் கிடந்தனர். "ஹாஜியார், இது ஒரு பிள்ளையின் கணக்கன்று" என்றோம். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "கமிட்டியிலும் இதைப் பேசினோம் தம்பி. இந்த வருஷம் சயின்ஸ் குரூப் பிள்ளைகள் சரியாகப் படிக்கவில்லை, செல்போன்தான் காரணம் என்று ஒருவர் சொன்னார். இருக்கும் என்று விட்டுவிட்டோம்" என்றார். மனித மனத்தின் விந்தையைப் பாருங்கள்! வெற்றிடத்தில் கணினி ஒரு பூச்சியத்தை வைத்தது. அப்பூச்சியத்துக்கு ஒரு காரணத்தையும் கற்பித்து, அறிவுரையும் சேர்த்து, நாம் நிறைவு செய்துவிட்டோம்.

நிரலை எழுதியவர் அண்மையில் படிப்பை முடித்த இளைஞர். பொருள் வாங்காமல், நன்மையை நாடிச் செய்து கொடுத்திருந்தார். அவரை வரவழைத்து, சர்வரில் உள்ள பிழைப் பதிவேட்டைத் திறக்கச் சொன்னோம். பொதுமக்கள் காணும் பக்கத்தில் பிழைச் செய்திகளைத் தெரியவிடாமல் மறைத்து, தனியே ஒரு கோப்பில் எழுதி வைப்பது முறையான வழக்கமே. நிரலின் உள்ளமைப்பு அயலார் கண்ணில் படலாகாது. அவரும் அதைச் சரியாகவே அமைத்திருந்தார். அக்கோப்பை எவரும் திறந்து பார்க்கவில்லை, அதுதான் குறை. திறந்தபோது, 'வார்னிங்: அண்டிஃபைன்ட் வேரியபிள்' என்னும் ஒரே வரி, பக்கம் பக்கமாக, அறிவியல் பிரிவு விண்ணப்பங்கள் எத்தனையோ அத்தனை முறை எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பெண்ணைக் கூட்டும்போதும் கணினி உண்மையைச் சொல்லியே இருக்கின்றது, கேட்பார் இல்லை. கெமிஸ்ட்ரி என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரில், கூட்டல் நடக்கும் வரியில் மட்டும், 'ஆர்' என்னும் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அப்பாடமே இல்லாத வணிகவியல் பிரிவுக்குத் தனி வரி ஆதலின், அவர்களுக்கு ஒரு குறையும் நேரவில்லை. இளைஞர் சோதித்துப் பார்த்ததும் தம் நண்பனான வணிகவியல் மாணவனின் தாளை வைத்துத்தான்.

எழுத்தைச் சேர்க்க நொடிப்பொழுது போதுமாயிருந்தது. பட்டியலைத் திருத்துவது அவ்வளவு எளிதாய் இல்லை. முதற்பட்டியலில் இருந்தவர்களுக்கு மடல்கள் போய்ச் சேர்ந்துவிட்டன, அவர்களும் எளியவர்களே, அவர்கள் மீது ஒரு குற்றமும் இல்லை. கமிட்டியில் இரண்டு நாள் வாதம் நடந்தது. கொடுத்த வாக்கைத் திரும்பப் பெறுவதில்லை, விடுபட்டவர்களுக்கும் கொடுப்பது, அதற்காக ஒவ்வொருவர் தொகையையும் குறைப்பது, குறைந்ததை ஊர்ச் செல்வர்களிடம் கேட்டு இயன்ற அளவு நிரப்புவது என்று ஹாஜியார் முடிவுக்குக் கொணர்ந்தார். முழுவதும் நிரம்பவில்லை. அதற்குள் கல்லூரி விதித்த நாளும் நெருங்கிவிட்டது. தங்கை தன் வளையல்கள் இரண்டை விற்றுக் கட்டணத்தைக் கட்டினாள். உதவித்தொகை பின்னர் வந்தது, வளையல் வரவில்லை. இருப்பினும் பெண் படித்தாள்.

இது நம் ஊர் அளவில் நிகழ்ந்தது. வெளியுலகில் இதனினும் பெரியன உண்டு. வெறுமையான மாறி அழிவையே ஏவியதும் உண்டு. 2015 சனவரியில், கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்னும் மென்பொருளின் லினக்ஸ் பதிப்பில், இன்ன கோப்புறைக்குக் கீழுள்ள யாவற்றையும் அழிக்க என்றோர் ஏவல் இருந்தது. கோப்புறையின் பெயரைத் தாங்க வேண்டிய மாறி சில வேளைகளில் வெறுமையாகிவிடவே, ஏவல் 'கணினியில் உள்ள யாவற்றையும் அழிக்க' என்றாயிற்று. பயனர் தாம் சேமித்து வைத்தவற்றை இழந்தனர்; இணைத்து வைத்திருந்த வெளித் தட்டுகளும் தப்பவில்லை. 'அச்சமூட்டுவது' என்று பொருள்படும் ஒரு குறிப்பை அந்த வரியின் மேலேயே நிரலர் எழுதி வைத்திருந்தார் என்பதுதான் வேடிக்கை. அஞ்சியவர் ஒரு கணம் நின்று, மாறி வெறுமையாயிருந்தால் என்னாகும் என்று வினவியிருக்கலாம்.

வலைத்தளங்களிலோ, வெறுமையான இடத்தை அயலார் நிரப்பும் வாய்ப்பும் ஒரு காலத்தில் இருந்தது. பி.எச்.பி.யின் தொடக்கப் பதிப்புகளில், முகவரிப் பட்டையில் ஒருவர் எழுதும் பெயர்கள் தாமாகவே நிரலின் மாறிகளாகிவிடும். எழுதுவோர்க்கு எளிது என்று செய்த ஏற்பாடு அது. நிரலர், கடவுச்சொல் சரியாயிருந்தால் 'அனுமதி' என்னும் மாறியில் ஆம் என்று எழுதுகின்றார். சரியில்லையெனில் ஒன்றும் எழுதாமல் விட்டுவிடுகின்றார். இப்போது அனுமதி என்பது வரையறுக்கப்படாத மாறி. அயலான் ஒருவன் முகவரியின் இறுதியில் 'அனுமதி ஆம்' என்று தானே சேர்த்து எழுதினால், கடவுச்சொல் இன்றியே கதவு திறந்துகொள்ளும்! பெயர் எழுதாத காசோலையில் கையொப்பமிட்டுத் தெருவில் போட்டது போன்றது இது. 2002 இல் வந்த 4.2 ஆம் பதிப்பில் அவ்வேற்பாட்டை இயல்பு நிலையில் அணைத்து வைத்தார்கள். 2012 இல் வந்த 5.4 ஆம் பதிப்பில் அடியோடு நீக்கினார்கள். அப்பத்தாண்டுகளில், பழைய நிரல் இயங்கவில்லை என்று சொல்லி அதனை மீண்டும் திறந்து வைத்துக்கொண்ட தளங்கள் கொஞ்சமல்ல.

மொழிகளை ஆக்குவோரும் சிறிது சிறிதாக மனம் மாறி வருகின்றனர். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 2009 இறுதியில் 'கண்டிப்பு முறை' ஒன்று வந்தது. அதனை மேற்கொண்ட நிரலில், அறிவிக்கப்படாத பெயரில் எழுத முயன்றாலும் பிழையே. பி.எச்.பி.யில், மெல்லிய குறிப்பாக இருந்தது 2020 நவம்பரில் வெளிவந்த எட்டாம் பதிப்பில் எச்சரிக்கையாக உயர்ந்தது. ஒன்பதாம் பதிப்பில், வரையறுக்கப்படாத மாறியைப் படித்தாலே நிரல் பிழையெறிந்து நின்றுவிட வேண்டும் என்று 2022 இல் அம்மொழியை வளர்ப்போர் வாக்கெடுத்துத் தீர்மானித்தனர். பழைய தளங்கள் பல அதனால் நின்றுபோகும் என்று சிலர் முறையிடுகின்றனர். நின்றுபோகட்டும் என்பதே நம் கருத்து. நின்றுபோன தளத்தை மறுநாளே எவரேனும் வந்து பார்ப்பர். தவறாகக் கூட்டிக்கொண்டே ஓடும் தளத்தைப் பட்டியலின் அடியில் கிடக்கும் ஒரு சிறுமியன்றி எவர் பார்ப்பார்?

ஆனால் எச்சரிக்கையைக் கண்டதும் நம் தொழிலில் பலர் செய்வது வேறு. மாறிப் பெயரின் முன் ஒரு சிறு குறியை இட்டால் பி.எச்.பி. வாய்மூடிக்கொள்ளும், பிழை போயிற்று என்று மகிழ்ந்துவிடுவர். இன்னும் சிலர், 'இல்லையெனில் பூச்சியம் என்று கொள்க' என்னும் சுருக்கக் குறியைக் கண்ட இடமெல்லாம் தெளித்துவிடுவர். 2015 இல் ஏழாம் பதிப்புடன் வந்த அக்குறி நல்லதே; முகவரியின் இரண்டாம் வரி இல்லையெனில் வெறுமை என்று கொள்வதில் ஒரு கேடும் இல்லை. மதிப்பெண் இல்லையெனில் பூச்சியம் என்று எழுதுவதோ, முன்பு கணினி அறியாமற் சொன்ன பொய்யை நாம் அறிந்தே சொல்ல வைப்பதாகும். எவ்விடத்தில் வெறுமை இயல்பானது, எவ்விடத்தில் அது விடுபட்ட ஒரு மனிதர் என்பதைக் கணினி அறியாது. எழுதுகின்றவர்தாம் அறிந்து எழுத வேண்டும். தேர்வெழுதாதவன் பெயருக்கு எதிரே பூச்சியம் என்று போடாமல் 'வரவில்லை' என்று எழுதும் பள்ளி எழுத்தர், கணினியே இல்லாத காலத்திலும் இதை அறிந்திருந்தார்.

ஜமாஅத்துகளும் பள்ளிகளும் அறக்கட்டளைகளும் இன்று தத்தமக்கெனத் தளங்கள் வைத்திருக்கின்றன. பெரும்பாலும் நம் பிள்ளைகளே, படிப்புக்கிடையில், அன்பினால் செய்து தருகின்றார்கள். தளம் அழகாக இருக்கின்றதா, பள்ளிவாசல் படம் பெரிதாகத் தெரிகின்றதா என்று கேட்கும் பெரியவர்கள், பிழைப் பதிவேடு எங்கே இருக்கின்றது, வாரம் ஒருமுறை அதைப் படிப்பவர் யார் என்று ஒரு வார்த்தை கேட்டால், கேட்டவர்க்கு நிரலறிவு இல்லாவிடினும் வேலை நடக்கும்.

நம் ஹாஜியார் கேட்கின்றார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அந்த இளைஞர் பதிவேட்டை அச்சிட்டு அவர் மேசையில் வைத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அதில் உள்ள ஆங்கிலக் குழப்பம் ஒன்றும் அவருக்கு விளங்குவதில்லை. வரிகளை எண்ணுவதோடு சரி. வரி ஏதுமில்லையெனில் தாளை மடித்துக் கோப்பில் சேர்த்துவிடுவார். அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் நமக்குத் தொலைபேசி வந்தது. ஸலாமுக்குப் பின், குரலைச் சற்றுத் தாழ்த்திக் கேட்டார்: "தம்பி, இந்த வாரம் ரெண்டு வரி புதுசா இருக்கு. யார் பேரு விட்டுப் போச்சு?"